சின்னப் பசங்க புக்கு, பெரியவங்க சந்தா

ஆகஸ்ட் பிறந்தால் ஈரோட்டில் புத்தகத் திருவிழா. அதை ஒட்டி ஊருக்குள் ஒரு ஹாலில் தனியாக ஒரு கூட்டம் கூடுவது வழக்கம். தெரியாமல் உள்ளே எட்டிப் பார்ப்பவர், பழைய மாணவர் சங்கமோ, இன்சூரன்ஸ் முகவர் கூட்டமோ என்று நினைத்துக்கொள்வார். முன்வழுக்கை, நரைத்த மீசை, சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. வங்கி மேலாளர், அரசுப் பள்ளி ஆசிரியர், ஜவுளிக்கடைக்காரர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர் என்று ஆளுக்கொரு தொழில். பெரும்பாலானோர் நாற்பதைத் தாண்டியவர்கள், அறுபதைத் தொட்டவர்களும் உண்டு. பேச்சு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: மஞ்சள் சட்டை போட்ட ஒரு துப்பாக்கிக்காரன் வரும் வருடம் எத்தனை புத்தகத்தில் வருவான்?

அந்த மஞ்சள் சட்டைக்காரன் பெயர் டெக்ஸ் வில்லர். 1948-இல் இத்தாலியில் ஜியான் லூயிஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைய, பிறந்த கௌபாய். சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்து, இங்கே 'இரவுக்கழுகார்' ஆனான். அவனுடைய நரைத்த தோழன் கிட் கார்சனுக்கு 'வெள்ளிமுடியார்' என்று பட்டம். ரசிகர்களுக்கு டெக்ஸ்தான் 'தல'. எதிர் முகாமில் பிரெஞ்சுக்காரர்களின் புளூபெர்ரி இருக்கிறான். தமிழில் அவன் கேப்டன் டைகர், ரசிகர்களுக்குத் 'தளபதி'. கோடம்பாக்கத்துத் தல-தளபதி சண்டை ஓய்ந்தாலும் இந்தச் சண்டை ஓயாது. அதில் மல்லுக்கு நிற்பவர்களில் பேரன் எடுத்தவர்களும் உண்டு.

வீட்டில் இவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். "இந்த வயசுல பொம்மை புக்கா?" மனைவி கேட்பார், மகள் கேட்பாள், பார்சல் கொண்டுவரும் கூரியர் பையன் கேட்காமல் பார்வையில் காட்டுவான். அலுவலகத்தில் சக ஊழியர் பார்த்துவிட்டால் "பையனுக்கு வாங்கினேன்" என்று சமாளிக்கிறவர் பலர். பையன் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இந்தப் பொய்க்குள் ஒரு செய்தி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்தியச் சந்தையில் இதை விநோதம் என்று ஒதுக்கலாம். உலகச் சந்தை அப்படி நினைக்கவில்லை. பிளாஸ்டிக் கட்டை விற்கும் லெகோ, 2020-இலிருந்து பெரிய செட்டுகளைக் கறுப்புப் பெட்டியில் போட்டு, மேலே '18+' என்று அச்சடிக்கிறது. 2021-இல் வந்த டைட்டானிக் கப்பலுக்கு 9,090 துண்டுகள், அடுத்த வருடம் வந்த ஈபிள் கோபுரத்துக்கு 10,001. எட்டு வயதுப் பிள்ளை முட்டி போட்டு அடுக்குகிற சமாசாரம் இல்லை இது. வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற ஆளுக்கானது. பொம்மைக் கம்பெனிகள் இந்த வாடிக்கையாளருக்கு 'கிடல்ட்' என்று பெயர்கூட வைத்துவிட்டன. நம் ஊர் கிடல்ட் அந்தப் பெயர் தன் காதில் விழுவதற்கு வெகுகாலம் முன்பே சிவகாசிக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தார்.

லண்டனில் ஒரு வருடம், சிவகாசியில் ஐம்பது

கதை 1972-இல் தொடங்குகிறது. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துப் பழகிய சிவகாசியில் இயந்திரம் இருந்தது, காகிதம் இருந்தது, வண்ண அச்சு தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். சௌந்தரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் சிறுவர் இலக்கியத்தில் ஏற்கெனவே பேர் பெற்றிருந்த முல்லை தங்கராசன். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'.

மாயாவி நம் ஊர்க்காரன் இல்லை என்று தெரிந்தபோது பலருக்கு வருத்தமாக இருந்திருக்கும். லண்டனில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-இல் வந்த 'ஸ்டீல் க்ளா'தான் அவன். பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். படத்தைத் தீட்டியவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. நிழலும் வெளிச்சமுமாக அவர் போட்ட கோடுகளுக்கு நிகராக அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளில் எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். மாயாவி முதலில் அயோக்கியனாக இருந்து, பிறகு திருந்தி, 'நிழல் படை' என்ற உளவு அமைப்பில் சேர்ந்தவன். எழுபதுகளில் தமிழ்நாட்டில் எத்தனை பையன்கள் ஸ்விட்ச் போர்டு பக்கம் ஆசையாகப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. பெற்றோர்கள் இந்தப் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்ததற்கு மொழிப்பற்று காரணமில்லை, இதுதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. மாயாவி, ஜானி நீரோ, லாரன்ஸ்-டேவிட் என்று முத்து காமிக்ஸின் மும்மூர்த்திகளாக நம் ஆட்கள் கொண்டாடும் மூவரின் சாகசங்களில் முக்கியமானவை, லண்டன் பிளீட்வே நிறுவனம் 1967-இல் தொடங்கிய 'சூப்பர் லைப்ரரி' என்ற தடிமனான பாக்கெட் புத்தக வரிசையில் வந்தவை. அங்கே அந்த வரிசை ஏறக்குறைய ஒரு வருடம் ஓடி, படுத்துவிட்டது. பிரிட்டனில் அவர்களை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. பழைய பிளீட்வே உரிமைகளை ரெபெல்லியன் என்ற நிறுவனம் 2016-இலிருந்து வாங்கி மறுபடி அச்சிடத் தொடங்கிய பிறகு அங்கே மாயாவி மீண்டும் கடைக்கு வந்தான். சிவகாசியில் அவன் கடையை விட்டுப் போனதே இல்லை என்று சொல்லலாம், அத்தனை மறுபதிப்பு. லோகேஷ் கனகராஜ் வருடக்கணக்காக 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் ஆசையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லண்டன் இயக்குநர் எவருக்கும் அந்த ஆசை வந்ததாகத் தெரியவில்லை.

ஸ்பைடர் கதை இன்னும் சுவாரசியம். கூர்காதும் கூம்பு நெற்றியுமாக, கையில் வலைத் துப்பாக்கியோடு, 'நான்தான் குற்ற உலகின் சக்கரவர்த்தி' என்று மார்தட்டும் அந்த ஆசாமி 1965-இல் பிரிட்டனின் 'லயன்' பத்திரிகையில் தோன்றியவன். அவன் கதைகளில் கணிசமானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். சூப்பர்மேன் உரிமைக்காகக் கம்பெனியோடு வழக்காடித் தோற்று, அமெரிக்காவில் போதிய வேலை கிடைக்காத நாட்களில் லண்டனுக்கு எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதை எண்பதுகளில் திண்டுக்கல்லிலும் நாகர்கோவிலிலும் பையன்கள் தமிழில் படித்தார்கள்.

கழுத்து உயர்ந்தது, கை நீண்டது

1984 ஜூலையில் இரண்டு பத்திரிகைகள் ஒரே சமயத்தில் வந்தன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஒன்று, ஜேம்ஸ் பாண்ட் கதையோடு. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் இன்னொன்று, மாடஸ்டி பிளைசி கதையோடு. அப்போது விஜயனுக்கு வயது 17. முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த வயதிலேயே போட்டிக்கு ஒரு பத்திரிகை நடத்த வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பத்திரிகையும் எந்தக் கதையோடு வந்தன என்று கொஞ்சம் கவனியுங்கள். பாண்ட் படக்கதை லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் 1958-இலிருந்து வந்தது. மாடஸ்டி 1963-இல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' என்ற மாலை நாளிதழில் பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்தது. வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்புகிற குமாஸ்தாவும் வக்கீலும் படிப்பதற்காக, நாளைக்கு மூன்று கட்டமாகப் போட்ட கதைகள். பிள்ளைகளை மனதில் வைத்து அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஆகவே அழகிகள் ஏராளம், ஆடை குறைவு.

தமிழுக்கு வந்தபோது தூரிகையும் கறுப்பு மையும் வேலை செய்தன. கழுத்து உயர்ந்தது, கை நீண்டது, நீச்சலுடை கவுனானது. பெரியவர்களின் கதைக்குச் சிறுவர் சட்டை மாட்டிவிட்டார்கள். அன்றைய கடைக்காரருக்கும் தபால் இலாகாவுக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்த பதிப்பாளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 'சின்னப் பசங்க புக்கு' என்ற பேர் எப்படி ஒட்டியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கடைக்காரர் எந்த அடுக்கில் வைத்தாரோ, அந்த அடுக்கின் வயதே புத்தகத்துக்கும் வந்தது.

பெல்ஜியத்தில் 'டின்டின்' வாரப் பத்திரிகை, ஏழு வயதிலிருந்து எழுபத்தேழு வயது வரையுள்ள இளைஞர்களுக்கானது என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. பிரான்சில் படக்கதைக்கு 'ஒன்பதாவது கலை' என்று பெயர். அங்கூலேம் என்ற சிறு நகரத்தில் 1974-இல் அதற்குத் திருவிழா தொடங்கியது, 1989-இல் பிரஸ்ஸெல்ஸில் அருங்காட்சியகமே திறந்தார்கள். மிலானில் ஓர் அலுவலகவாசி செய்தித்தாள் கடையில் டெக்ஸ் வாங்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் ஈரோட்டு வங்கி மேலாளர் செய்வதும் அதே காரியம்தான். இடையில் ஒரு கூச்சம், அவ்வளவே.

இந்த வாதத்தை இதற்குமேல் இழுத்தால் நான் பொய் சொன்னவனாவேன். மாடஸ்டியும் பாண்டும் டைகரும் பெரியவர்கள் சரக்கு, சரி. மாயாவியும் ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும்? அவை பத்து-பன்னிரண்டு வயதுப் பையன்களுக்காகவே எழுதப்பட்டவை. தர்க்கம் தேடினால் உதிர்ந்துவிடும். ஸ்பைடர் ஒரு நகரத்தையே தூக்கிக்கொண்டு போவான், அடுத்த பக்கத்தில் எவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் அதைப் படித்துச் சிரிப்பவரை எந்த ஐரோப்பிய அருங்காட்சியகத்தைக் காட்டியும் காப்பாற்ற முடியாது. அவரும் காப்பாற்றச் சொல்லவில்லை. அவருக்குப் பிடித்திருக்கிறது. மாதத்தில் ஒரு மணி நேரம் அவர் எவருக்கும் பிரயோசனமில்லாமல் இருக்கிறார். பிரயோசனமில்லாத பொழுதுபோக்கு என்று பார்த்தால், அரசியல் விவாதம் பார்ப்பதைவிட இது மலிவு, ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

பெரியவர்கள் பொம்மையோடு விளையாடுவதை நம் சமூகம் ஏற்காது என்றும் சொல்ல முடியாது. புரட்டாசியில் கொலு வைக்கும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அறுபது வயது மாமி கீழ்ப்படியை ஒட்டிப் பார்க் போடுகிறார், கடுகு முளைக்கவிட்டுப் புல்வெளி செய்கிறார், கிரிக்கெட் செட் வாங்கி வந்து பதினொரு பேரையும் ஃபீல்டிங்குக்கு நிறுத்துகிறார், செட்டியார் பொம்மைக்குக் கடை வைத்துக் கொடுக்கிறார். அந்த வருடப் புதுப் பொம்மை எது என்று அக்கம்பக்கத்தில் போட்டியே நடக்கும். யாரும் "இந்த வயசுல பொம்மையா?" என்று கேட்பதில்லை, சுண்டல் வாங்கிக்கொண்டு ரசிக்கிறார்கள். சாமி பேரைச் சேர்த்துவிட்டால் விளையாட்டுக்கு வயது இல்லை. காமிக்ஸ்காரருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஈரோட்டுக் கூட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு. பெண்கள் படிக்காமல் இருந்தார்கள் என்பதல்ல. அண்ணன் வாங்கி வந்த மாயாவியை முதலில் படித்து முடித்தது பல வீடுகளில் தங்கைதான். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போகும்போது புத்தகம் அண்ணனோடு நின்றுவிட்டது. ஐம்பது வயதில் ஒரு மணி நேரம் பிரயோசனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் உரிமை நம் வீடுகளில் யாருக்கு இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், இந்தப் பொழுதுபோக்கு ஏன் இத்தனை ஆண்மயமாக இருக்கிறது என்பது விளங்கும்.

காணாமல் போய், நூறு ரூபாயில் திரும்பியது

தொண்ணூறுகளின் நடுவில் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. வீட்டுக்கு வீடு கேபிள். வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடின. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயனும் முத்துவும் சாகவில்லை, ஆனால் எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லாத நிலை. நியூஸ்பிரிண்ட் தாளில், கறுப்பு வெள்ளையில், ஒரு இதழுக்கும் அடுத்ததற்கும் இடையே பல மாதம் ஓடும்.

அந்த நாட்களில் தாக்குப்பிடித்தவர்கள்தான் இன்றைய ரசிகர்கள். பழைய புத்தகக் கடை அவர்களுக்குக் கோயில். திருவல்லிக்கேணி நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை விரிக்கும் கடைகளில் குனிந்து தேடியவர்கள், எரிந்துபோன மூர் மார்க்கெட்டை இன்றும் பெருமூச்சோடு பேசுபவர்கள். இவர்களில் பாதிப் பேரிடம் கேட்டால் ஒரே கதையைச் சொல்வார்கள்: ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ போயிருந்த சமயத்தில் அம்மா மொத்தத்தையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். எடைக்குப் போன அதே இதழை இன்று ஆயிரங்கள் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. இதில் கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் இருக்கிறது, அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

காத்திருப்புக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். 'இரத்தப் படலம்'. நினைவிழந்த ஒருவன், கழுத்தெலும்பின் மேல் XIII என்று பச்சை குத்தியிருக்கிறது, தான் யார் என்று தேடுகிறான். வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்த இந்தத் தொடர் பிரெஞ்சில் 1984-இல் தொடங்கியது. எண்பதுகளின் பிற்பகுதியில் லயனில் தமிழில் வர ஆரம்பித்தது. மூலமே ஆண்டுக்கு ஒரு பாகம் என்ற கணக்கில் நகர்ந்தது, தமிழ் அதைவிட நொண்டியது. கடைசியில் 2010-இல் பதினெட்டு பாகத்தையும் ஒரே குண்டுப் புத்தகமாக, கறுப்பு வெள்ளையில், 200 ரூபாய்க்குப் போட்டார்கள். எட்டாம் வகுப்பில் அந்தக் கதையைத் தொடங்கியவர், தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு முடிவைப் படித்தார். 2018-இல் அதையே வண்ணத்தில், கெட்டி அட்டையில், மூன்று தொகுதியாக மறுபடி வெளியிட்டபோது முதல் வரிசையில் நின்று வாங்கியதும் அவரேதான். முடிவு தெரியும், வரிக்கு வரி தெரியும். தெரிந்ததையே திரும்பப் படிப்பதில் என்ன சுகம் என்று ராமாயணம் கேட்டு வளர்ந்த ஊரில் யாரும் கேட்கக் கூடாது.

திருப்பம் 2012 ஜனவரியில் வந்தது. 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' என்று வழவழப்பான ஆர்ட் பேப்பரில், விலை 100 ரூபாய். சில்லறைக் காசுக்குக் காமிக்ஸ் வாங்கியவர்களிடம் நூறு ரூபாய் கேட்பது சூதாட்டம். ஆனால் சில்லறைக் காசுக்கு வாங்கிய பையன்கள் இப்போது சம்பளக்காரர்கள் என்பதை விஜயன் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். அடுத்த ஜனவரியில், முத்து காமிக்ஸின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி, 400 ரூபாய்க்கு ஒரு சிறப்பிதழ். அதுவும் போயிற்று. 2015-இல் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பு, கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். இவையெல்லாம் முன்பதிவில் விற்பவை. கடைக்கு அனுப்பி, விற்காததைத் திரும்ப வாங்கி, கணக்குத் தீர்ப்பதற்கு ஏஜெண்டைத் துரத்தும் பழைய முறை பெரும்பாலும் போய்விட்டது. வருடத் தொடக்கத்தில் சந்தா கட்டினால் மாதாமாதம் கூரியரில் பெட்டி வீடு தேடி வரும். அட்டவணை அறிவிக்கும் நாள், இவர்களுக்கு பட்ஜெட் நாள். டெக்ஸுக்கு இத்தனை இடமா, கார்ட்டூனுக்கு இவ்வளவு குறைவா, லக்கி லூக் எங்கே, சிக்பில் குழுவின் ஆர்டினையும் ஷெரீப் டாக்புல்லையும் ஏன் கைவிட்டீர்கள் என்று ஆசிரியரோடு சண்டை பிடிப்பார்கள். மறுபதிப்பு வேண்டும் என்று ஒரு கட்சி. மாயாவி போதும், புதிதாக கிராபிக் நாவல் போடுங்கள் என்று இன்னொரு கட்சி. எந்தத் தமிழ் இலக்கியப் பத்திரிகைக்கும் இத்தனை உரிமையோடு சண்டை போடும் சந்தாதாரர்கள் இல்லை.

பையனுக்கு வாங்கினேன்

இனி, அந்தப் பொய்க்கு வருகிறேன்.

இந்தப் பெரியவர்கள் இல்லையென்றால் தமிழில் காமிக்ஸ் என்ற தொழில் செத்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. தங்கள் பணத்தால், பொறுமையால், பிடிவாதத்தால் இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். ஆனால் காப்பாற்றிய விதத்திலேயே அது கைமாறியும் போயிற்று. 1984-இல் ஒரு பையன் ராணி காமிக்ஸை எங்கே பார்த்தான்? பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில், கிளிப் மாட்டித் தொங்கியதில். என்ன செய்தான்? டிபனுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்தான், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பையனோடு பங்கு போட்டான், அதுவும் இல்லையென்றால் வாடகை நூலகத்தில் நாலணா கொடுத்து அங்கேயே உட்கார்ந்து படித்தான். அப்பாவின் அனுமதி வேண்டியிருக்கவில்லை. அனுமதி இல்லாமல் படித்ததுதான் ருசியில் பாதி.

இன்றைய பத்து வயதுப் பையனுக்கு அந்த வழி ஒன்றும் திறந்தில்லை. பெட்டிக்கடையில் குர்குரே தொங்குகிறது. புத்தகம் நூற்றுக்கணக்கான ரூபாய், சந்தா ஆயிரக்கணக்கில். அப்பா அலமாரியில் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார், "கை கழுவிட்டுத் தொடு" என்கிறார். சாப்பிட்டுக்கொண்டே படித்து, சாம்பார் சொட்டி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய்த்தான் அப்பா அதை நேசிக்கக் கற்றுக்கொண்டார். பையனுக்கு அது அருங்காட்சியகப் பொருளாக அறிமுகமாகிறது.

அமெரிக்காவில் இதே கூத்து முன்பே நடந்து முடிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பில் சூலிங் என்பவர், காமிக்ஸை மருந்துக்கடை, பத்திரிகைக் கடை ஸ்டாண்டுகளுக்கு அனுப்பாமல் சேகரிப்பாளர்கள் வரும் தனிக் கடைகளுக்கு நேரடியாக, திரும்பப் பெறாத கணக்கில், தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கம்பெனிகளுக்கு வசதி. விற்காமல் வீணாவது நின்றது, விலை ஏறியது, தரம் ஏறியது, வாசகரின் வயதும் ஏறியது. மருந்துக்கடையில் ஐஸ்கிரீமோடு காமிக்ஸ் வாங்கிய பிள்ளை அந்தப் படத்திலிருந்து வெளியே போய்விட்டது. சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாங்குவோர் முக்கால்வாசிப் பெரியவர்களாகவே ஆன பிறகுதான் பலருக்கு உறைத்தது. லெகோவிடம் கறுப்புப் பெட்டி தவிர, பிள்ளைகளுக்கான வண்ணப் பெட்டியும் கடை நிறைய இருக்கிறது. சிவகாசி அளவுக்குச் சின்னத் தொழிலில் இரண்டையும் செய்ய முதல் இல்லை.

பிள்ளைகளுக்குப் படக்கதை மேல் ஆசை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானிய அனிமே படங்கள் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வருகின்றன, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். சிலர் அதன் மாங்கா புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு முன் பிறந்த ஒரு செட் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியில் ஜாக்கி சானையும் டோராவையும் தமிழில் பார்த்து வளர்ந்து, இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். ஜாக்கியின் மாமா பேசிய அந்தத் தமிழ் டப்பிங்கைக் கேட்டாலே உருகுகிறார்கள், மீம்ஸ் போடுகிறார்கள். நாற்பது வயதில் அவர்கள் எதைச் சேகரிப்பார்கள் என்று தெரியவில்லை. சுட்டி டிவிக்குப் பழைய இதழ் கிடையாது.

ஆக, பிள்ளைகளிடம் தமிழ் காமிக்ஸைக் கொண்டுசேர்க்க இருக்கிற வழி குறைவு. அதில் உருப்படியானது என்று எனக்குத் தோன்றுவது மலிவுப் பதிப்பு. லக்கி லூக்கையோ சிக்பில் குழுவையோ சாதாரணத் தாளில், மெல்லிய இதழாக, ஒரு குளிர்பானத்தின் விலைக்குக் கொடுத்துப் பார்க்கலாம். சேகரிப்பாளர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். நியூஸ்பிரிண்டா, கறுப்பு வெள்ளையா, பழையபடியா என்பார். அவருக்கு அது பின்னால் போவது. கணக்குப் பார்த்தால் பதிப்பாளருக்கும் அது நஷ்ட ரிஸ்க்தான், மறுப்பதற்கில்லை. ஐரோப்பிய உரிமைக்காரருக்கு ராயல்டியை யூரோவில் கட்ட வேண்டும், தாள் விலை எல்லோருக்கும் தெரிந்தது, பெட்டிக்கடை வரை கொண்டுபோக இன்று ஆளும் இல்லை.

மிலானில் பொனெல்லி குடும்பத்தில் ஜியான் லூயிஜிக்குப் பின் மகன் செர்ஜியோ, அவருக்குப் பின் பேரன் என்று டெக்ஸ் மூன்று தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறான். அங்கே வாசகர்களும் அப்படித்தான், தகப்பன் படித்து மகனுக்குத் தள்ளிவிடுகிறார். சிவகாசியிலும் அச்சகம் பக்கம் சௌந்தரபாண்டியன், விஜயன், அடுத்து வாசகர்கள் 'ஜூனியர் எடிட்டர்' என்று அழைக்கும் மகன் என்று மூன்றாம் தலைமுறை வந்தாயிற்று. வாசகர் பக்கம் இன்னும் முதல் தலைமுறையே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வருடச் சந்தாவுக்கு அவர்கள் பணம் கட்டியாயிற்று. 'தல'க்கு இந்த முறை ஒரு புத்தகம் குறைவு என்று கோபம் வேறு.